தவளையும் மரபேடும்

போடிமெட்டேறி ஏலத்தோட்டங்களைக் கடந்து செல்வோர் இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையை அறிவர். அவ்வூர்ப் பக்கத்து மண்ணினின்று கிடைத்த தவளையொன்றை எஸ். டி. பிஜுவும் பெல்ஜிய நாட்டுப் பிராங்கி பொசுயிட்டும் 2003-இல் உலகிற்கு அறிவித்தனர். ஊதா நிறமும் பருத்த உடலும் கூரிய மூக்கும் உடையது அது. நிலத்தடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழை தொடங்கியதும் சில நாளே வெளிவருவது.

உருவை மட்டும் நோக்கின், மண் தோண்டும் பிற தவளைகளுக்கு உறவென்றே எண்ணத் தோன்றும். டி.என்.ஏ. எழுத்துக்களோ, சுமார் 3,000 கிலோமீட்டருக்கப்பால் சேஷெல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகளே அதன் நெருங்கிய சுற்றமென்று காட்டின. அத்தீவுகள் இந்திய நிலத்தினின்று பிரிந்து ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளாயின!

ஒரு நூலின் ஏட்டுப் பிரதிகள் பலவற்றுள் இரண்டில் மட்டும் ஒரே பிழை காணின், அவ்விரண்டும் ஒரு மூலத்தினின்று வந்தன என்று பதிப்பாசிரியர் துணிவர். ஜீன்களும் அத்தகைய ஏடுகளே. அவற்றுள் என்ஸைம்களை ஆக்கும் ஜீன்கள் இவ்வாராய்ச்சிக்கு மிக உதவுவன. தோலுக்குக் கருமை தரும் பொருளை உண்டாக்கும் டைரோசினேஸ் என்னும் என்ஸைம் மீன் முதல் மனிதன் ஈறாக முதுகெலும்புடைய உயிர்களிடத்து உள்ளது. தொழில் கெடாதவாறு அதன் ஜீன் மெல்லவே மாறுமாதலின், நெடுங்காலத்துக்கு முன் பிரிந்த கிளைகளையும் அதைக்கொண்டு ஒப்பிடலாம். தவளைகளின் உறவைத் துணிவதற்கு அது பன்முறை பயன்பட்டுளது.

இத்தகைய ஆராய்ச்சி பக்திக்கு ஊறென்பார் சிலர். எமக்கு அவ்வச்சமில்லை, எம் வருத்தம் வேறு. எழுத்தைப் படிக்க இயந்திரம் இருக்க மலையேறுவானேன் என்னும் எண்ணம் மாணாக்கரிடையே பரவுகின்றது. 1918-லேயே அன்னண்டேல் என்பார் தென்னிந்திய மலையோடைத் தலைப்பிரட்டைகளை விவரித்தார். அவற்றுள் ஒன்று இத்தவளையினது. வளர்ந்த உருவை அறிவுலகம் அறிய 2003 வரை செல்லவேண்டியிருந்தது. தோண்டிக் கண்டவர் இன்றேல் இயந்திரம் எதைப் படித்திருக்கும்?

2017-இல் அத்தவளைக்கு உடன்பிறப்பொன்று தனி இனமாக விவரிக்கப்பட்டது. அது கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கீழைச் சரிவில். மறைந்த ஆராய்ச்சியாளர் பூபதியின் பெயரைத் தாங்குகின்றது. மேலைச் சரிவினது தென்மேற்குப் பருவமழையை நம்ப, இது வடகிழக்கு மழைக்குக் காத்திருக்கும். இவ்வேறுபாட்டை ஜீன் சொல்லாது. ஓடைக்கரையில் நனைந்து நின்றவரே சொல்லுதல் கூடும்.

போடியும் கீழைச் சரிவின் அடியிலேயே உள்ளது. வனத்துறையாரின் அனுமதி பெற்று, ஐப்பசி கார்த்திகையில் இங்குள்ள மலையோடைகளை நம் விலங்கியல் மாணாக்கர் ஆண்டுதோறும் தேடி, தவளையின் குரல், நாள், இடம், மழையளவு யாவும் குறித்துவைத்தல் வேண்டும். ஜீன் எழுத்தைப் படிக்க ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. போன்ற ஆய்வுச்சாலைகள் உள. ஓடைநீர் முழுதும் தோட்டக் குழாய்களிற் புகுந்து, ஐப்பசியிலும் பாறை வெளித்தெரியும் நிலை வருமுன் இது தொடங்கவேண்டும்.