கூடமும் அடுப்பங்கரையும்

சென்னையில் குடித்தனம் செய்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைக் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போகலாம், போகாமலும் இருக்கலாம். தியாகராய நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அவர்களைத் தொலைத்துவிட்டு மறுபடியும் கண்டுபிடிக்கலாம். இவற்றில் எது விட்டுப் போனாலும் மன்னிப்பு உண்டு. கடற்கரையைக் காட்டாமல் ரயில் ஏற்றி விட்டாலோ, அத்துடன் அந்த உறவு முறிந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நம்முடைய அத்தை வந்திருந்தார். எழுபத்து மூன்று வயது. வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் பார்த்த கண்கள், சமுத்திரத்தைப் பார்த்ததில்லை. துணைக்குப் பேரனும் வந்திருந்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளை. ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தியவன் என்ற பெருமை அவனுக்கு நிறைய உண்டு. அந்தப் பெருமையைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

முதல் நாள் மாலை மெரினாவுக்குப் போனோம். அத்தைக்கு முழங்கால் வலி. மணலில் பத்தடி நடந்தால் இருபது தடவை உட்கார வேண்டும். சாலையோரத்திலேயே உட்கார்த்தி வைத்து, "அதோ தெரிகிறதே, அதுதான் கடல்" என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்துவிடலாமா என்று கூட யோசித்தோம். நல்ல வேளையாக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. மாற்றுத் திறனாளிகளும் வயோதிகர்களும் அலையின் அருகே போவதற்காக 2022-ஆம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி திறக்கப்பட்ட பாதை அது. நீளம் 263 மீட்டர். திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் 'மாண்டஸ்' புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு செப்பனிட்டார்கள். கடலுக்கு எதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தால்தான் திருப்தி போலிருக்கிறது!

அந்தப் பாதையின் கோடியில் நின்று அத்தை வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "இத்தனை தண்ணியை வெச்சுக்கிட்டா நீங்க குடிதண்ணிக்கு லாரியை எதிர்பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். சென்னைவாசிகளான நாம் இதற்கு என்ன பதில் சொல்வது? பட்டாணி சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினோம்.

இந்தக் கரை எப்படி இவ்வளவு அகலமாயிற்று என்று பேரன் கேட்டான். நல்ல கேள்விதான். இன்று நாம் சுண்டல் தின்னும் மணல் பெரும்பாலும் நூற்றைம்பது வருஷத்துக்குள் வந்து சேர்ந்த மணல். சோழமண்டலக் கரையில் வருஷத்தில் பெரும் பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து கொண்டேயிருக்கும். 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். நகர்ந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டுத் தெற்குப் பக்கத்தில் தேங்கிற்று, மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்று போய்க் கடல் கரையை அரித்தது. ஒரு பக்கம் திருவிழா, மறு பக்கம் திண்டாட்டம். உலாவும் சாலையை 1884-ல் அமைத்து, இத்தாலியக் கடற்கரைகளின் ஞாபகமாக 'மெரினா' என்று பெயர் சூட்டியவர் கவர்னர் கிராண்ட் டஃப்.

கவர்னர் உலாவுவதற்கு வழி செய்தார். அந்த மணலில் ஜனங்கள் வேறு காரியங்களும் செய்தார்கள். 1907-ல் விபின சந்திர பாலர் இக்கரையில் சொற்பொழிவாற்றித் தமிழ் இளைஞர்களின் இரத்தத்தைச் சூடேற்றினார். 1930-ல் இதே கடல் நீரைக் காய்ச்சி உப்பெடுத்துத் தேசத் தொண்டர்கள் அடிபட்டார்கள். 1959-ல் உழைப்பாளர் சிலையும் காந்தியடிகள் சிலையும் எழுந்தன. டிக்கெட்டு இல்லை, வாசற்காவல் இல்லை. கோடீசுவரனும் கூலிக்காரனும் ஒரே மணலில் உட்காரலாம். இப்படிப்பட்ட இடம் நகரத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஆகவே, "இது நம்முடைய கடற்கரை" என்று பேரனிடம் சற்றுப் பெருமையாகவே சொல்லி வைத்தோம். மறுநாள் காலையில் அந்தப் பெருமைக்கு ஒரு திருத்தம் வந்தது.

மறுநாள் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் புறப்பட்டு, கலங்கரை விளக்கத்தருகே திரும்பி, லூப் ரோடு வழியாகப் பட்டினப்பாக்கம் வந்து, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்தோம். அங்கேயுள்ள எலியட்ஸ் கடற்கரை, மெரினாவைக் காட்டிலும் சிறியது. காலையில் நடைப் பயிற்சிக்காரர்கள், மாலையில் குழந்தைகள், தெற்கே அஷ்டலட்சுமி கோயிலுக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கும் வருகிறவர்கள் என்று எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். மணலின் நடுவே வெள்ளையாக வளைவுகளோடு ஒரு மண்டபம் நிற்கிறது. சினிமாக்களில் காதலர்கள் பாடுவதற்காகக் கட்டியது என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. டென்மார்க் தேசத்தவரான ஷ்மிட் என்பவர், 1930-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் இவ்விடத்தருகே மூழ்கி இறந்தார். அவருடைய தீரத்தின் ஞாபகார்த்தமாகக் கட்டியது அது.

இந்தக் கதையைப் பேரனுக்குச் சொல்ல வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தோம். பேரன் இல்லை. செருப்பும் சட்டையும் மட்டும் மணலில் இருந்தன.

கிணற்று வீரன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளையாக உடைந்து கொண்டிருந்தன. அவன் நின்ற இடம் மட்டும் அமைதியாக இருந்தது. "இங்கே அலையே இல்லை, மாமா!" என்று கையை ஆட்டினான். அடுத்த நிமிஷம் அவன் கால் தரையில் இல்லை. முகம் மாறியதைக் கரையிலிருந்தே கண்டோம். அத்தையின் குரல் தொண்டையை விட்டு எழும்பவில்லை. நமக்கோ நீச்சல் தெரியாது.

அப்போது ஊரூர்க் குப்பத்துப் பக்கமாகப் படகு நிழலில் வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு சத்தம் போட்டார். இரண்டு வாலிபர்கள் ஓடினார்கள். ஒருவர் கயிறு கட்டிய மிதவையை வீசினார். மற்றவர் பாய்ந்து பையனை நேரே கரைக்கு இழுக்காமல், பக்கவாட்டில் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், அலை உடையும் இடத்தில் கரை சேர்த்தார். எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. பையன் உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அத்தை அவன் முதுகைத் தடவினார். உடனே அதே கையால் ஓர் அறையும் வைத்தார்.

பெரியவர் அருகே வந்து குந்தினார். கோபமில்லாமல்தான் பேசினார்: "தம்பி, வூட்டுக்கு வந்தவங்க கூடத்துல குந்துவாங்க. அடுப்பங்கரைக்குள்ளே பூந்துடுவாங்களா? இது கூடம்" என்று மணலைக் காட்டினார். "அது அடுப்பங்கரை" என்று கடலைக் காட்டினார். "கூடத்துல எம்மா நேரம் வேணும்னாலும் குந்து. யாரும் எழுந்துரு சொல்ல மாட்டாங்க."

நேற்று "நம்முடைய கடற்கரை" என்று பேசிய நாவை அப்போது அடக்கிக்கொண்டோம்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நேயர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீரெல்லாம் திரும்பிப் போயாக வேண்டும் அல்லவா? மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடம் பார்த்து அது ஓர் ஆறு போல உள்ளே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்ப்பதற்குச் சாதுவாயிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதையே நல்ல இடமென்று நினைத்து இறங்குகிறார்கள். அகப்பட்டுக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். அவரைக் கொல்லுவது அந்தக் களைப்புத்தான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, இழுப்பு விட்ட பிறகு கரை திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் கூவ வேண்டும். கரையில் இருப்பவர்கள் ஆத்திரத்தில் தாங்களும் குதிக்காமல், மிதக்கக் கூடியது எதையாவது வீசிவிட்டு, கடல் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றிலும் மேலானது, இறங்காமலே இருப்பது. மெரினாவில் குளிக்கக் கூடாதென்று பலகை வைத்திருக்கிறார்கள். காணும் பொங்கலன்று சவுக்குக் கட்டை வேலியே போடுகிறார்கள். அப்படியிருந்தும் நல்ல நாளில் கடல் பார்க்க வந்த குடும்பம் அழுதுகொண்டு திரும்புவது இன்னும் நிற்கவில்லை.

நம் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அமாவாசை போன்ற பர்வ காலம் தவிர மற்ற நாளில் சமுத்திரத்தைத் தீண்டலாகாது என்பார்கள். மயிலையில் மாசிக் கடலாட்டு ஞானசம்பந்தர் காலத்திலேயே நடந்ததைப் பூம்பாவைப் பதிகம் சொல்கிறது. கடலிடத்தில் பக்தி இருந்தது, பயமும் இருந்தது. பக்தி குறைந்ததைப் பற்றி நாம் தர்க்கம் செய்யப் போவதில்லை. பயத்தையாவது வைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பும்போது ஆட்டோ மறுபடியும் லூப் ரோட்டில் வந்தது. காலையில் அவ்வழியே போனபோது மூக்கைப் பொத்திக்கொண்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்போது கண்ணைத் திறந்து பார்த்தோம். நொச்சிக்குப்பத்தில் 2024 ஆகஸ்டில் திறந்த புதிய மீன் அங்காடி நிற்கிறது, 366 கடைகள். அது சும்மா வந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சாலையோர மீன் கடைகளை அகற்றும்படி உயர்நீதி மன்றம் உத்தரவிட்டது. செம்படவப் பெண்கள் மீனைச் சாலையிலேயே கொட்டி உட்கார்ந்த பிறகு உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அதற்கும் முன்பு, 1985-ல், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிப் பிரயோகத்தில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப் பேரலை வந்தபோது கரையில் உலாவ வந்தவர்களும் மாண்டார்கள். கரையிலேயே வாழ்ந்தவர்களும் மாண்டார்கள். தப்பிய நாம் நம் வீடுகளுக்குத் திரும்பினோம். அவர்களுடைய வீடே கரைதான்.

சாலை வேண்டாம், அழகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாகனம் போகத்தான் வேண்டும். குப்பை அகலத்தான் வேண்டும். ஆனால் விருந்துக்கு வந்தவன், "உங்கள் பாத்திரமெல்லாம் கண்ணுக்கு அழகாயில்லை, எடுத்து வெளியே வையுங்கள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லுவது எந்த ஊர் மரியாதை?

ஷ்மிட் துரைக்கு மண்டபம் கட்டியது மிகவும் நியாயம். அந்நிய தேசத்தில் பிறர் உயிருக்காகத் தம் உயிரைக் கொடுத்தவரை மறக்கக் கூடாது. ஆனால், அன்று நம் பையனைக் கரை சேர்த்த வாலிபர் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பணம் கொடுக்கப் போனோம். சிரித்துவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டார். அவரைப் போன்றவர்களுக்கு மண்டபம் கட்ட நம்மால் முடியாது. அவர்கள் வலை காய்கிற மணலை மிதியாமல் சுற்றிப் போக முடியும். தின்ற காகிதத்தை வீடு வரையில் கையில் வைத்திருக்க முடியும். ஆட்டோவில் போகும்போது மூக்கைப் பொத்தாமல் இருக்க முடியும். நம் பிள்ளைகளைக் கூடத்திலேயே உட்கார்த்தி வைக்கவும் முடியும்.

அத்தை ஊருக்குப் புறப்பட்ட அன்று, கடல் எப்படியிருந்தது என்று அண்டை வீட்டார் கேட்டார்கள்.

"கடல் கெடக்குது, விடுங்க. அந்தக் கரையில இருக்கறவங்க நல்லாயிருக்கணும்" என்றார்.

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.