களஞ்சியத்துக்கு இணையவடம்

நெற்களஞ்சியத்திலும் கிணற்றடிப் பம்பிக் கொட்டிலிலும் கமரா பொருத்தும் கமக்காரர் இன்று பலராவர். வீட்டு றவுட்டரிலிருந்து செப்புவடமொன்றை வேலிக் கதிகால் வழியே கொட்டில்வரை இழுத்துக் கட்டுவது இவர்களிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடப்படல் வேண்டும்.

செப்புவடம் 100 மீற்றருக்கு மேல் உதவாது என்பது ஒரு குறை. அதனிலும் பெரிய குறை மின்னலாகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமுழக்கம் மிகுவதைக் கமக்காரர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அயலிலுள்ள தென்னையில் மின்னல் வீழ்ந்தாலே போதும். செப்பில் எழும் மின்னோட்டம் கமராவை மட்டுமன்றி வீட்டு றவுட்டரையும் கருக்கிவிடக்கூடும். மண்ணிற் புதைத்த செப்புவடமும் இதற்கு விலக்கன்று.

ஒளியிழை வடத்தின் இழை கண்ணாடியாலானது, மின்னைக் கடத்தாது. இரு முனைகளிலும் ஒளியை மின்சைகையாக மாற்றும் சிறு கருவிகள் வேண்டுமாதலாற் செலவு சற்றுக் கூடும். கொட்டிலின் மின்னிணைப்பு வழியாக வரும் மின்னலை இது தடுக்காது என்பதும் உண்மையே. ஆயினும் கொட்டிலில் நேர்ந்த சேதம் இவ்வடத்தின் வழியே வீட்டுக்குத் தாவாது. கருகிய கருவிகளை மீண்டும் மீண்டும் வாங்குவதிலும் இச்செலவு மேலானது.

வாங்கும்போது வடத்தினுள் உருக்குக்கம்பி உண்டா என்று கேட்டறிதல் அவசியம். தூணிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் வடங்களில் அக்கம்பி இருப்பதுண்டு. இருப்பின் ஒளியிழையின் நன்மை கெடும்.

கலப்பையும் மண்வெட்டியும் எட்டாதவாறு, ஏறத்தாழ 2 அடி ஆழத்தில், குழாயினுள் வடத்தை இடுக. குழாயில் மழைநீர் புகுமாதலின் வெளிப்பாவனைக்குரிய வடமே தக்கது. திருப்பங்களில் வடத்தை முறியவிடாது அகலமாக வளைத்தல் வேண்டும். சுண்ணக்கல் மேலெழுந்த நிலத்தில் 2 அடி தோண்டுதல் எளிதன்று. அங்கே மதிலோரமாகக் குழாயைப் பொருத்தலாம். உள்ளே ஒரு நைலோன் கயிற்றையும் விட்டுவைத்தால், பின்னர் வடம் மாற்றும்போது மீண்டும் தோண்டவேண்டியதில்லை.