ஸ்டான் சுவாமியும் மூவாயிரம் இளைஞர்களும்

அருட்தந்தை ஸ்டான் சுவாமி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஓர் உறிஞ்சுகுழல் குவளை. பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கிய 83 வயதுக் கைதி தண்ணீர் குடிக்கக் கேட்ட அந்தக் குவளைக்குப் பதில் சொல்ல, தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. மறக்கக் கூடாத கொடுமைதான். ஆனால் நினைவு அதோடு நின்றுவிட்டால் அவர் இரக்கத்திற்குரிய முதியவராக மட்டுமே எஞ்சுவார். அவர் யாருக்காகச் சிறை சென்றார் என்பது பின்னுக்குப் போய்விடும்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த அவர், இயேசு சபைத் துறவியாக இன்றைய ஜார்க்கண்ட் பகுதிக்குச் சென்றார். 1960களில் சாய்பாசா அருகே பள்ளியில் பணியாற்றியபோது, பழங்குடி மாணவர்களோடு வாரச் சந்தைக்குப் போவார். வெளியூர் வியாபாரிகள் அம்மாணவர்களின் பெற்றோரை ஏய்ப்பதை அங்கே கண்டார். அவருடைய அரசியல் கல்வி மறைக்கல்வி வகுப்பில் தொடங்கவில்லை, அந்தச் சந்தையில் தொடங்கியது. பின்னர் பெங்களூரு இந்தியச் சமூக நிலையத்தின் இயக்குநராக 1975 முதல் 1986 வரை இளம் களப்பணியாளர்களைப் பயிற்றுவித்தார். ராஞ்சியை அடுத்த நாம்குமில் 'பகைச்சா' மையத்தை உருவாக்கினார்.

2000இல் ஜார்க்கண்ட் தனி மாநிலமானது. சுரங்க நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் குவிந்தன. ஐந்தாவது அட்டவணை, பெசா சட்டம், வன உரிமைச் சட்டம் ஆகியவை தந்த உரிமைகளைக் கேட்ட பழங்குடி இளைஞர்கள் மீது 'நக்சல்' முத்திரை விழுந்தது. உபா சட்டம் கைக்கு எளிதாகக் கிடைத்த கருவி. ஸ்டான் சுவாமி அறிக்கை விடுவதோடு நிற்கவில்லை. பகைச்சா குழு 102 விசாரணைக் கைதிகளின் நிலையை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. மிகப் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தினர், தங்கள் மீதான வழக்கு பொய் என்றவர்கள். அடுத்த கட்டமாக, இவ்வாறு சிறையில் வாடும் ஏறத்தாழ 3,000 பேருக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இளைஞர் மீதான பற்றை மேடையில் பேசும் தலைவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறுவோர் எத்தனை பேர்?

அரசோடு தமக்கு முரண்பாடு முற்றியது இந்த வழக்கால்தான் என்று, கைதுக்குச் சற்று முன் பதிவு செய்த காணொலியில் அவரே கூறினார். பீமா கோரேகானுக்கு அவர் போனதே இல்லை. ஆயினும் 2020 அக்டோபர் 8 அன்று எல்கர் பரிஷத் வழக்கில் கைது செய்யப்பட்டு, மும்பை அருகே தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். அவரது கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்ற தடயவியல் முடிவு, அவர் மறைந்தபின் 2022 டிசம்பரில்தான் வெளிவந்தது.

மதம் பற்றிய மார்க்சியப் பார்வைக்கும் அவருடைய நம்பிக்கைக்கும் இடைவெளி உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. நிலமும் காடும் யாருக்கு என்ற கேள்வியில் அவர் நின்ற இடம் உழைக்கும் மக்களின் பக்கம். தலோஜாவிலிருந்து எழுதிய கடிதத்திலும் அவர் தம் நோயை விரித்துரைக்கவில்லை. தங்கள் மீது என்ன குற்றச்சாட்டு என்றே அறியாமல், சட்ட உதவியின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஏழைக் கைதிகளைப் பற்றி எழுதினார்.

இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். 2021 ஜூலை 5 அன்று, மும்பை உயர்நீதிமன்றத்தில் ஜாமீன் மனு விசாரணைக்கு எடுக்கப்பட்டபோது, மனுதாரர் சற்று முன்பு இறந்துவிட்டதாக மருத்துவர் தெரிவித்தார். 84 வயதில் ஸ்டான் சுவாமியும் ஒரு விசாரணைக் கைதியாகவே இறந்தார்.