கணக்கு டீச்சராகப் போகும் மகள்



கல்வியியற் கல்லூரியில் மகளுக்குக் கணிதப் பாடம் கிடைத்தால், "பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று சில வீடுகளில் தயங்குகிறார்கள். மீராஸ் பங்கீடே கணக்குத்தானே! மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டும் வாரிசாயிருக்க ஒருவர் மௌத்தானால், கடனும் வஸிய்யத்தும் போக மீதியை 24 பங்காக்கி மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 கொடுக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் அல்ஜிப்ரா நூலெழுதிய அல்குவாரிஸ்மீ, அதில் பெரும் பகுதியை இதற்கே ஒதுக்கினார்.

ஆனால் கணக்குத் தெரிவது வேறு, கற்பிப்பது வேறு. அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று பிள்ளை எழுதினால், பிழை போடுவது இலகு. மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, 'கூட்டியும் அரையை விடக் குறைந்துவிட்டதே!' என்று ரொட்டியை வெட்டிக் காட்டத்தான் அவள் பழக வேண்டும்.

லீவில் வந்தால் தம்பி, தங்கைக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக விடுங்கள். அடுப்படி வேலை கொஞ்சம் காத்திருக்கட்டும்.