விகடகவியைத் திருப்பிப் போட்டால்...

புசா ரோட்டில் ஒரு கோடிங் வகுப்பு. பெயர் வேண்டாம். எட்டாவது படிக்கும் என் மகளை அங்கே சேர்த்திருந்தேன். போன வாரம் ஒரு புதிர் கொடுத்தார்கள். ஒரு சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம் என்று எண்ணிச் சொல்லும் நிரல் எழுத வேண்டும். இவள் எழுதிவிட்டு, ஆசையாக 'தமிழ்' என்று கொடுத்துப் பார்த்திருக்கிறாள். விடை 120! மூன்றெழுத்துக்கு 3×2×1, ஆறுதானே வரணும்? வாத்தியாரிடம் கேட்டால், "உன் பாஷையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது, இங்கிலீஷில் போடு" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவரைக்கூட மன்னித்துவிடலாம். வாசலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நம்மூர்க்காரர் ஒருவர், "அதான் சார், பையனுக்குத் தமிழை நிறுத்திட்டோம்" என்றார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

அய்யா, தப்பு தமிழ் மேல் இல்லை. யூனிகோடில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பைத்தான் அந்த ஐந்தை எண்ணும். 5×4×3×2×1, அதுதான் 120. யுடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணினால் 15. ஸ்விஃப்ட் மொழியில் எண்ணச் சொன்னால் சரியாக 3. கம்ப்யூட்டர் கேட்டதைச் சொல்கிறது. எதை எண்ணுவது என்று கேட்கத்தான் ஆளில்லை.

'விகடகவி'யை எப்படித் திருப்பினாலும் விகடகவிதான். குறியீடுகளைத் திருப்பினால் கொக்கி தலையில் வந்து அநாதையாக நிற்கும். ஐந்தெழுத்தில் வி, க இரண்டும் இருமுறை வருவதால் 120-ஐ நாலால் வகுத்து 30 அடுக்குகள். குறியீடாக எண்ணினாலோ 630! அதில் 180 கொக்கியிலேயே தொடங்கும் குப்பை.

இங்கிலீஷ் மட்டும் போதும் என்பவர்கள் செல்போனில் இருக்கும் குடும்பப் பொம்மையைக் கொடுத்துப் பார்க்கட்டும். அதுவும் பல குறியீடுகளை ஒட்டிச் செய்ததுதான். அங்கேயும் இதே கணக்கு உதைக்கும்.

மகள் அன்றிரவே சரிசெய்தாள். கொக்கியோ, கொம்போ, புள்ளியோ வந்தால் முந்தைய மெய்யோடு ஒட்டிவிடு. பத்து வரிகூட இல்லை. ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் இது தயாராகவே இருக்கிறது.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஒன்றாம் வகுப்பு உயிர்மெய் அட்டவணையிலிருந்து. 120 தப்பு என்று அவள் கண்ணில் பட்டதே தமிழ் படித்ததால்தான். தமிழை நிறுத்திய பையன் 120-ஐ நம்பிவிட்டுப் போவான்.

அதே புசா ரோட்டில்தான் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. கோடிங்குக்காகத் தமிழை வெட்டும் பெற்றோரே, கொஞ்சம் யோசியுங்கள்!