கீழே உட்கார்ந்து பார்க்கும் உரிமை

தெப்பக்காட்டுக்குக் கூட்டம் வருவதே பார்ப்பதற்குத்தான். யானை முகாமில் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் ராகிக் களியை உருட்டி ஊட்டுவதை வெளியூர்ப் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார்கள். 2023-ல் ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியபின் முகாமின் முகங்களை உலகமே பார்த்துவிட்டது. மலையில் அரசு விழா என்றால் பழங்குடிப் பிள்ளைகளின் ஆட்டம் இல்லாமல் நடப்பதில்லை. இந்தக் காட்டின் குழந்தை எந்நேரமும் பார்க்கப்படுகிறது. தனக்கென்று வந்த ஒரு நாடகத்தை அம்மா மடியில் சாய்ந்து பார்ப்பதுதான் அதற்கு அரிதாக இருக்கிறது.

இது தமிழ் நாடகத்தின் பழைய கோளாறுதான். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள், ரசித்தவர்கள் பெரியவர்கள். இன்று அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல முயற்சி. ஆனால் அதுவும் போட்டி, எதிரே நடுவர். மேடையேறுவது ஒரு பயிற்சி என்றால், பூதம் வரும்போது பயந்து அப்பா கையைப் பிடிப்பதும், அவரும் சிரிப்பதைக் கண்டு தானும் சிரிப்பதும் வேறொரு பயிற்சி. சென்னைப் பெற்றோர் அதைச் சீட்டு வாங்கிப் பெறுகிறார்கள். சீட்டும் அரங்கும் இல்லாமலும் முடியும் என்று காட்டியவர் புதுச்சேரியின் வேலு சரவணன். அவருடைய ‘ஆழி’ குழந்தை நாடகக் குழுவுக்குப் பள்ளித் திடலே போதுமானதாக இருந்தது.

பட்டாவும் பஸ்ஸும் கேட்கும் பழங்குடி மக்களுக்கு நாடகமா என்பார்கள். ஒன்றைத் தந்தால் மற்றதைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கு நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் போடப்படுவதில்லை? பழங்குடிகளுக்கே ஆட்டமும் குழலும் உண்டே என்ற கேள்வி இன்னும் நியாயமானது. உண்டுதான். ஆனால் அது எல்லோரும் வட்டமாகச் சேர்ந்தாடுவது. பார்வையாளர் வரிசையை அதற்கு எதிரே போட்டது நாம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்குத் தமிழ் நாடகம் புரியுமா என்றால், குழந்தை நாடகத்தில் பாதி வேலை உடம்பும் முகமூடியும் செய்துவிடும். உண்மையான சிக்கல் நேரம்தான். ஊட்டிக்குக் கூட்டிப்போவதென்றால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரவுக் காட்சி வைத்தால் திரும்பும் வழியில் யானை நிற்கும். ஆகவே குழு இங்கே வர வேண்டும், அதுவும் பகலில். யானைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால், காலைத் தீனிக்கும் மாலைத் தீனிக்கும் நடுவே, மேய்ச்சலுக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்து, அப்பாக்களான பாகன்களையும் பிள்ளைகளோடு உட்கார வைக்க வேண்டும்.