அங்கத்துவப் பணம் கட்டி மொத்த விலைக்கு வாங்கினால் இலாபம் யாருக்கு?

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம்மவர்கள் அழைப்பெடுத்தால் பேச்சு எப்படியும் கொஸ்ட்கோவுக்கு வந்துவிடும். வருடத்திற்கு ஒரு தொகை கட்டி அங்கத்தவராகிவிட்டால் களஞ்சியம் போன்ற பெரிய கடைக்குள் போய் அரிசி முதல் வாகன டயர் வரை மொத்த விலைக்கே வாங்கலாம் என்கிறார்கள். "இங்கேயும் யாராவது இப்படி ஒன்றைத் தொடங்கினால் சேரலாமே" என்ற பேச்சு எங்கள் கொஸ்லந்தையில் ஆசிரியர் அறையிலும் கேட்கிறது, பஸ் தரிப்பிடத்திலும் கேட்கிறது.

இப்படி நினைப்பதில் தவறில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பிறகு பணவீக்கம் இறங்கியது; விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது, கடைக்குப் போய்வரும் தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானதும் சேர்ந்துகொண்டது. இந்த நிலையில் கிலோவுக்குப் பத்து ரூபா குறையும் என்று யார் சொன்னாலும் காது கொடுக்கத்தான் தோன்றும்.

முதலில் அந்தக் கடை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சோல் பிரைஸ் என்ற வியாபாரி 1976 இல் அமெரிக்காவின் சன் டியாகோ நகரில் 'பிரைஸ் கிளப்' என்று இதைத் தொடங்கினார். 1983 இல் சியாட்டிலில் கொஸ்ட்கோ வந்தது. 1993 இல் இரண்டும் ஒன்றாகின. பெரிய சுப்பர் மார்க்கட்டில் பல்லாயிரம் வகைப் பொருட்கள் இருக்கும். இங்கே சுமார் நாலாயிரம் வகைதான். வகை குறைவு, ஒவ்வொன்றிலும் வாங்கும் அளவு பெரிது என்பதால் உற்பத்தியாளரிடம் விலையை அடித்துப் பேச முடிகிறது. பொருளின் மீது வைக்கும் இலாபமும் மிகக் குறைவு. இலாபத்தின் பெரும் பகுதி அங்கத்துவப் பணத்திலிருந்து வருகிறது. 2024 நிதியாண்டில் அந்த வகையில் மட்டும் சுமார் 4.8 பில்லியன் டொலர் சேர்ந்தது. அதே ஆண்டு நிறுவனத்தின் தேறிய இலாபம் சுமார் 7.4 பில்லியன் டொலர். அங்கத்தவர் ஒரு சவர்க்காரம் கூட வாங்கா விட்டாலும் கடைக்குரிய பணம் கடைக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் சாதாரண அட்டைக்கு வருடத்திற்கு 65 டொலர். கார் வைத்திருப்பவர், வீட்டில் பெரிய உறைகுளிர்ப் பெட்டி உள்ளவர், மாதச் சம்பளத்தில் ஒரே தடவையில் கணிசமான தொகையை எடுத்துச் செலவிடக் கூடியவர், இவர்களுக்கு அது சில மாதங்களிலேயே திரும்பிவிடும். கனடாவில் இருக்கும் உறவினர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கு அவருக்குச் சரி.

இப்போது எமது கணக்கு. 2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது மொத்த விலையையும் சில்லறை விலையையும் சேர்த்தே அறிவித்தது. நாட்டரிசி மொத்த விலை 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. சம்பா 235, 240. கீரிச் சம்பா 255, 260. எந்த அரிசியை எடுத்தாலும் இடைவெளி ஐந்து ரூபாதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 40 கிலோ அரிசி முடிகிறது என்று வையுங்கள். எல்லாவற்றையும் மொத்த விலைக்கே வாங்கினாலும் மாதம் 200 ரூபா, வருடம் 2,400 ரூபா மிச்சம். டொலரை 300 ரூபாவாக எடுத்தால் 65 டொலர் என்பது 19,500 ரூபா. அரிசியில் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தை எடுக்க எட்டு வருடம் தாண்டும். இங்கே தொடங்குபவர் அவ்வளவு கேட்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு கேட்டாலும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

எங்கள் பக்கத்தில் அதிகமான வீடுகளின் வருமானம் தேயிலையில் இருக்கிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசாங்கத்தின் வரவு ஊக்கத்தொகை 200 ரூபா, மொத்தம் 1,750 ரூபா. 25 கிலோ நாட்டரிசி மூட்டையை மொத்த விலைக்கு வாங்க 5,625 ரூபா வேண்டும். மூன்று நாள் உழைப்புக்கு மேல், அரிசிக்கு மட்டும். பருப்பு, மா, சீனி, எண்ணெய் எல்லாவற்றையும் இப்படி ஒரே நாளில் வாங்கு என்றால் சம்பளத்தின் பெரும் பகுதி அந்த ஒரு நாளோடு போய்விடும். பிள்ளையின் பஸ் காசும் மருந்துச் செலவும் நடுமாதத்தில் வரும்போது அரிசி மூட்டையை அவிழ்த்து விற்க முடியாது. நூறு கிராம் பருப்பும் கால் கிலோ சீனியுமாக வாங்குபவர் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியும். கையில் உள்ள பணத்தின் அளவு அப்படி வாங்க வைக்கிறது.

அடுத்தது வைக்கும் இடம். ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரை சுவரெல்லாம் ஈரம். லயத்துக் காம்பராவில் கோதுமை மா மூட்டையை எங்கே வைப்பது? மாவில் வண்டு, அரிசியில் எலி. ஐந்து கிலோ வீணானால் வருடம் முழுவதும் சேர்த்த மிச்சத்தில் பாதி போய்விடும். பெரகலை, ஹப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்குப் போய்வரும் பஸ் கட்டணமும், மூட்டையைப் பாதையிலிருந்து மேல்பிரிவுக்குத் தூக்கிப் போகும் கூலியும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

அங்கத்துவக் கடை என்பது எமக்குப் புதிதுமல்ல. சங்கக்கடை என்று நாம் சொல்வது அதுதானே. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பங்கீட்டுப் பொருள் கொடுப்பதற்காகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பெருகின. 1957 இல் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1971 இல் சிறு சங்கங்களை இணைத்துப் பெரிய சங்கங்களாக்கினார்கள். பங்குப் பணம் கட்டியவர் அங்கத்தவர், கூட்டத்தில் அவருக்கு ஒரு வாக்கு, மிஞ்சும் இலாபத்திலும் உரிமை. கொஸ்ட்கோ அட்டைக்காரருக்கு இது எதுவும் கிடையாது. ஆனால் சங்கக்கடைக்கு ஆட்கள் போனது பங்கீட்டு அரிசிக்காக. 1977 க்குப் பின் சந்தை திறந்து, 1979 இல் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரையும் வந்ததும் கூட்டம் கலைந்தது. நல்ல சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கத்தவர் பொதுக்கூட்டத்துக்குப் போகாத சங்கத்தை அரசியல்வாதியின் ஆட்கள் நடத்துவார்கள். அதற்குச் சங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

எமது சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள பக்கம் ஒன்றும் உண்டு. ஊவாவின் சிறு நகரங்களில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களில் கணிசமானோர் நம்மவர்கள். தோட்டத்து மக்கள் "நானா, கொப்பியில எழுதிக்கங்க" என்று சொல்லிச் சாமான் எடுப்பதும் சம்பளத் திகதியில் வந்து கணக்கு முடிப்பதும் தலைமுறைகளாக நடக்கிறது. எந்த மொத்த விலைக் கடையும் கொப்பியில் எழுதிக்கொள்ளாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பாதைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அப்படியான நாட்களில் நகரத்துக் களஞ்சியத்தின் அட்டை சட்டைப்பையில் இருந்து பயனில்லை. ஊர்க் கடையில் இருக்கும் மூட்டைதான் அடுப்பில் ஏறும்.

அதற்காகக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் நற்சான்றிதழ் தருவதாக நினைக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்த வேண்டும். எத்தனை கடைகளில் அது கண்ணில் படுகிறது? கடனுக்கு வேறு விலை என்றால் பொருளைக் கொடுக்கும்போதே அந்த விலையைச் சொல்லிப் பேசி முடிக்க வேண்டும். சம்பளம் பிந்தியது என்பதற்காகப் பிறகு கொப்பியில் ஏற்றிக்கொள்வது வியாபாரம் இல்லை, அது வட்டி. வெள்ளிக்கிழமை முன்வரிசையில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. அங்கத்துவம் என்று சொல்லிக்கொண்டு வருபவர் பொருளின் விலையைப் பற்றிப் பேசாமல், "நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் உங்களுக்கு இவ்வளவு" என்று தொடங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அது பிரமிட் திட்டம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் அதை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டு வருகிறது. காசு கொடுக்க முன் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தனி ஆளாக அட்டை எடுப்பதில் நாட்கூலிக் குடும்பத்துக்குப் பயனில்லை என்பதே என் முடிவு. அரசாங்க உத்தியோகமும் வாகனமும் உள்ள எம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் பத்து வீடு சேர்ந்தால் கணக்கு மாறும். எமது பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும். லயத்தில் பிடிக்கிறார்கள், ஊரிலும் பிடிக்கிறார்கள். அதே ஒழுங்கில் வாரம் ஒரு சிறு தொகை சேர்த்தால் மாத முடிவில் 50 கிலோ சீனி மூட்டையைப் பத்தாகப் பிரித்து ஆளுக்கு ஐந்து கிலோ எடுக்கலாம், ஒரு வீட்டிலும் மூட்டை தேங்காது. ரமழானில் உலர் உணவுப் பொதிக்காகப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் மொத்தமாகக் கொள்வனவு செய்கின்றன. எங்கே, என்ன விலைக்கு, எந்த வாகனத்தில் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தை மற்ற பதினொரு மாதமும் பூட்டி வைக்கத் தேவையில்லை. மக்கள் தங்கள் பணத்தில் வாங்கட்டும், நிர்வாகம் ஒழுங்கு செய்து கொடுக்கட்டும், பக்கத்து வீட்டு இந்துவும் சிங்களவரும் சேர்ந்துகொள்ளட்டும்.

எதை வாங்குவது என்பதில் நிதானம் வேண்டும். வாகனக் கூலி 3,000 ரூபா, கொண்டுவந்தது 300 கிலோ என்றால் கிலோவுக்குப் பத்து ரூபா செலவு. அரிசியில் கிடைப்பது ஐந்து ரூபாதான். எனவே அரிசியை ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். சிறு பொதியாக வாங்கும்போது விலை கூடும் பருப்பு, செத்தல் மிளகாய், சவர்க்காரம், புதிய ஆண்டுத் தொடக்கத்தில் அப்பியாசக் கொப்பி, இவற்றில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். கிலோ விலையாக மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

வாகனம் பிடிக்கவும் அவசியமில்லை. ஊர்க் கடைக்காரர் சரக்கெடுக்க எப்படியும் பண்டாரவளைக்கோ புறக்கோட்டைக்கோ போகிறார். பத்து வீட்டுப் பணத்தையும் முன்கூட்டியே அவரிடம் கொடுத்து, கொள்வனவுச் சிட்டையைக் காட்டும்படி கேட்டு, கிலோவுக்கு இவ்வளவு உங்கள் கூலி என்று பேசிக்கொள்ளலாம். அவருக்குக் கடன் நிலுவை இல்லாத வியாபாரம், வாங்குபவருக்கு அங்கத்துவப் பணம் இல்லாத மொத்த விலை. இதற்குச் சம்மதிக்கும் நானாமார் எத்தனை பேர் என்று அடுத்த சம்பளத் திகதிக்கு முன் கேட்டுப் பார்க்கலாம்.